ஹைதராபாத்தில் எஸ்ஆர்இ வேலை: புதிய பட்டதாரிக்கு வாசல் எங்கே?

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரம் காலை 9.39-க்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் கணினிகளுக்கு ஒரு சின்ன அப்டேட்டை அனுப்பியது. அதில் பிழை இருந்தது. 78 நிமிடத்தில், 10.57-க்கெல்லாம் சரிசெய்துவிட்டார்கள். அதற்குள் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றுவிட்டன என்று மைக்ரோசாஃப்ட் பின்னர் கணக்குச் சொன்னது. ஹைதராபாத் விமான நிலையத்தில் இண்டிகோ ஊழியர்கள் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டின் படம் அன்றே நாடெங்கும் சுற்றி வந்தது.

சீட்டு எழுதியவர்களைப் பார்த்தோம். நின்றுபோன கணினிகளை ஒவ்வொன்றாக சேஃப் மோடில் எழுப்பி, அந்தக் கெட்ட கோப்பைத் தேடி அழித்தவர்களை யாரும் பார்க்கவில்லை. சேவை நின்றால் ஓடி வருவது, அதைவிட முக்கியமாக நிற்காமல் பார்த்துக்கொள்வது, இதையே முழுநேரத் தொழிலாகச் செய்பவர்களுக்கு ‘சைட் ரிலையபிலிட்டி இன்ஜினியர்’ என்று பெயர். துறையில் எஸ்ஆர்இ என்பார்கள். கல்லூரி முடித்து நேராக ஹைதராபாத் வந்து இறங்கும் ஒருவருக்கு இந்த வேலை கிடைக்குமா என்பதுதான் கேள்வி. கிடைக்கும், ஆனால் முன்வாசல் வழியாக அபூர்வமாகத்தான். அதற்கான காரணத்தில் பாதிக்குமேல் பட்டதாரியிடம் இல்லை, நிறுவனங்களிடம் இருக்கிறது என்பது என் துணிபு.

இந்தத் தொழில் பிறந்தது கூகுளில். 2003-இல் பென் டிரெய்னர் ஸ்லாஸ் என்பவரிடம் ஏழு பேர் கொண்ட ஒரு குழுவைக் கொடுத்து, உற்பத்தி சர்வர்களைக் கவனிக்கச் சொன்னார்கள். அவர் மென்பொருள் எழுதிப் பழகியவர். அதுவரை சிஸ்டம் அட்மின்கள் கையால் செய்துவந்ததை நிரல் எழுதிச் செய்ய வைத்தார். ஒரு எஸ்ஆர்இ தன் நேரத்தில் பாதிக்குமேல் டிக்கெட், அலர்ட் போன்ற அன்றாட வேலைகளில் செலவிடக் கூடாது. மீதிப் பாதியில் அந்த வேலைகளே வராதபடி நிரல் எழுத வேண்டும் என்று விதி வைத்தார்கள். 2016-இல் ஓ’ரைலி வெளியிட்ட புத்தகத்தில் இவை அனைத்தும் விரிவாக இருக்கின்றன. கூகுள் அதை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது.

நிரல் ஏன் அவசியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். ஒரு சேவை மாதத்தில் 99.9 சதவீத நேரம் ஓடும் என்று வாக்குக் கொடுத்தால், 30 நாள் மாதத்தில் அது நின்றுகிடக்க அனுமதி 43 நிமிடம். 99.99 என்றால் 4 நிமிடம் 19 விநாடி. ராத்திரி இரண்டு மணிக்கு போன் அலறி, எழுந்து, முகம் துடைத்து, லேப்டாப்பைத் திறந்து, விபிஎன்-னில் நுழைந்து ஓடிபி போடுவதற்குள் அந்த நான்கு நிமிடம் போய்விடும். 99.99-க்கு வந்துவிட்டால் மனிதன் ஓடி வந்து காப்பாற்ற முடியாது; இயந்திரம் தன்னைத் தானே சரிசெய்துகொள்ள வேண்டும். அந்தச் சரிசெய்தலை எழுதி வைப்பவர்தான் எஸ்ஆர்இ. வெறுமனே திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரை அப்படி அழைத்தால் அது விசிட்டிங் கார்டில் மட்டும் உள்ள பதவி. ஹைதராபாத்தில் அப்படிப்பட்ட கார்டுகளுக்குப் பஞ்சமில்லை.

இந்த ஊருக்கு இந்தத் தொழில் வந்து சேர்ந்த வழி தெரிந்ததுதான். 1998 நவம்பரில் மாதாப்பூரில் சைபர் டவர்ஸைப் பிரதமர் வாஜ்பாய் திறந்து வைத்தார். அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் தன் இந்திய வளர்ச்சி மையத்தை இங்கே தொடங்கியது. 2004-இல் கூகுள் வந்தது. 2019 ஆகஸ்டில் நானக்ராம்குடாவில் அமேசான் 15,000 பேர் அமரக்கூடிய வளாகத்தைத் திறந்தது. இவற்றோடு சர்வீஸ்நவ், சேல்ஸ்ஃபோர்ஸ், ஊபர், வெல்ஸ் ஃபார்கோ, ஜேபி மார்கன், கோல்ட்மேன் சாக்ஸ் என்று வரிசை நீண்டது. நாஸ்காமும் ஜின்னோவும் 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி இந்தியாவில் 1,700-க்கும் மேற்பட்ட ஜிசிசி-கள், அதாவது வெளிநாட்டு நிறுவனங்களின் சொந்த மையங்கள், இயங்குகின்றன. அவற்றில் 19 லட்சம் பேர் வேலை செய்கிறார்கள். இந்த மையங்கள் அதிகம் தேடி வரும் ஊர்களில் ஒன்று ஹைதராபாத்.

இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். 2022 நவம்பரில் அமேசான் வெப் சர்வீசஸ் ஹைதராபாத்தில் தன் கிளவுட் ரீஜனை, அதாவது டேட்டா சென்டர்களின் தொகுப்பை, திறந்தது. 2030-க்குள் 36,300 கோடி ரூபாய்க்குமேல் முதலீடு என்று அறிவித்தது. அதே ஆண்டு மார்ச்சில் மைக்ரோசாஃப்டும் 15 ஆண்டுகளில் 15,000 கோடி என்றது. செய்தியைப் படித்த பெற்றோர்கள், ‘டேட்டா சென்டர் வருகிறது, பையனுக்கு வேலை வரும்’ என்று கணக்குப் போட்டார்கள். ஆனால் டேட்டா சென்டருக்குள் வேலை செய்பவர்கள் மின்சாரம், குளிரூட்டல், வன்பொருள் பார்ப்பவர்கள், எண்ணிக்கையும் குறைவு. எஸ்ஆர்இ எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ அங்கே சர்வர் இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. கொண்டாப்பூரில் பீஜி அறையில் உட்கார்ந்துகொண்டு வர்ஜீனியாவில் ஓடும் இயந்திரத்தைச் சரிசெய்யலாம். ஹைதராபாத்தில் இந்த வேலை இருப்பதற்கு இங்குள்ள இன்ஜினியரிங் குழுக்களே காரணம். கட்டடம் கட்டுவதைப் பார்த்து வேலையை எண்ணக் கூடாது.

நேரமும் ஒரு காரணம். கலிஃபோர்னியாவில் நள்ளிரவு பன்னிரண்டு அடிக்கும்போது இங்கே கோடையில் பகல் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. அவர்கள் தூங்கும்போது நாம் விழித்திருக்கிறோம். இரு கரையிலும் சமமான குழுக்கள் வைத்து, யாரும் இரவில் விழிக்காதபடி ஆன்கால் பொறுப்பை, அதாவது அலர்ட் வந்தால் உடனே கவனிக்கும் முறையை, கைமாற்றும் நிறுவனங்கள் உண்டு. அங்கே வேலை சுகம்; பகல் ஷிஃப்டிலேயே உண்மையான பிரச்சினைகள் கைக்கு வரும். ஆனால் ஒப்பந்தச் சேவை நிறுவனங்களில் கதை தலைகீழ். வாடிக்கையாளர் நியூயார்க்கில் காலை ஒன்பதுக்கு அலுவலகம் வரும்போது இங்கே மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. அவர் பகல் நம் இரவு. இரண்டுக்கும் பதவிப் பெயர் ஒன்றாகவே இருக்கலாம். வாழ்க்கை ஒன்றாக இராது.

இனி வாசலைப் பார்ப்போம். வேலை அறிவிப்புகளில் ‘என்ட்ரி லெவல்’ என்று தலைப்பு, கீழே ‘குறைந்தது இரண்டு ஆண்டு அனுபவம்’ என்று நிபந்தனை. இந்த வேடிக்கையைப் பார்க்காத ஃப்ரெஷர் இருக்க மாட்டார். காலமும் சாதகமாக இல்லை. 2023-24 நிதியாண்டில் டிசிஎஸ் 13,249 பேரும், இன்ஃபோசிஸ் 25,994 பேரும், விப்ரோ 24,516 பேரும் குறைந்து ஆண்டை முடித்தன. கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 64,000. ஆயிரக்கணக்கில் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்ப் பயிற்சி கொடுத்த அதே நிறுவனங்கள்தான் இவை. சம்பளமோ இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறது: டிசிஎஸ்ஸின் ‘நின்ஜா’ பிரிவில் சேருபவருக்கு ஆண்டுக்கு 3.36 லட்சம். கூடுதலாகக் கோடிங் தெரிந்து ‘டிஜிட்டல்’ பிரிவில் சேர்ந்தால் 7 லட்சம்.

இந்த இடைவெளியில்தான் அமீர்பேட் பிழைக்கிறது. மெட்ரோவின் சிவப்புத் தடமும் நீலத் தடமும் சந்திக்கும் நிலையத்தில் இறங்கி, மைத்ரிவனம் பக்கம் நடந்தால், ஆதித்யா என்கிளேவ் கட்டடங்களின் நெற்றி முழுக்கப் பயிற்சி நிலையப் பலகைகள். ஒய்2கே காலத்து மெயின்ஃப்ரேமில் தொடங்கி, ஜாவா, ஆரக்கிள், டெஸ்டிங் என்று சந்தை எதைக் கேட்டதோ அதை விற்ற தெரு இது. இப்போது பலகைகளில் ‘ஏடபிள்யூஎஸ் வித் டெவ்ஆப்ஸ்’. டாக்கர், குபர்னெட்டிஸ், டெராஃபார்ம், ஜென்கின்ஸ், ஆன்சிபிள், பிராமிதியஸ், கிராஃபானா எல்லாமே இரண்டு மூன்று மாதத்துக்குள்.

அமீர்பேட்டைக் கிண்டல் செய்வது சுலபம். நான் அதைச் செய்யப் போவதில்லை. நான்காண்டில் கல்லூரி காட்டாத டெர்மினலை முதல் வாரத்தில் காட்டிய தெரு அது. நெல்லூரிலிருந்தும் கர்நூலிலிருந்தும், நம் சேலம், திருநெல்வேலியிலிருந்தும் வந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு அதுதான் இரண்டாவது கல்லூரி. குறை வேறிடத்தில். அங்கே கற்பிப்பது கருவிகளை. எஸ்ஆர்இ நேர்முகத்தில் கேட்பது அடிப்படையை. அந்தத் தெருவைச் சுற்றி நடக்கும் இன்னொரு வியாபாரத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. இல்லாத இரண்டாண்டு அனுபவத்துக்குச் சம்பளச் சீட்டோடு சான்றிதழ் தயாரித்துத் தருபவர்களும், பணம் கட்டினால் ‘பேக்டோர்’ வேலை என்று சொல்லி வாங்கிக்கொண்டு அலுவலகத்தைப் பூட்டிவிட்டு மறைபவர்களும் இந்த ஊரில் உண்டு. பின்னணிச் சோதனையில் பிஎஃப் கணக்கு விவரத்தைப் பார்த்ததும் பொய் அனுபவம் அவிழ்ந்துவிடும். பிறகு அந்தக் கறுப்புப் புள்ளி கூடவே வரும்.

அடிப்படை என்றால் என்ன? ஒரு நேர்முகக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். ‘சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று அலர்ட் வருகிறது. ஒரு பெரிய லாக் கோப்பை அழித்துவிட்டாய். அப்படியும் டிஎஃப் கட்டளை 100 சதவீதம் என்றே காட்டுகிறது. ஏன்?’

குபர்னெட்டிஸ் சான்றிதழ் வைத்திருப்பவர்களும் இங்கே திணறுவார்கள். லினக்ஸில் ஒரு கோப்பை அழித்தால் பெயர்தான் போகும். அதைத் திறந்து வைத்திருக்கும் புராசஸ் ஓடிக்கொண்டிருக்கும்வரை, அந்தக் கோப்பு பிடித்திருந்த இடம் விடுபடாது. டியூ கட்டளை பெயர் உள்ள கோப்புகளை மட்டும் கூட்டுவதால் இடம் இருப்பதாகச் சொல்லும். டிஎஃப் கோப்பு முறைமையையே கேட்பதால் இல்லை என்று சொல்லும். எல்எஸ்ஓஎஃப் கட்டளையை ஓட்டினால் ‘டிலீட்டட்’ என்று குறித்த கோப்பும் அதைப் பிடித்திருக்கும் புராசஸும் தெரியும். அதை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பும். நல்ல நேர்முகம் இத்தோடு முடியாது. ‘அது கட்டண சேவை, நண்பகல் நேரம், ரீஸ்டார்ட் செய்ய முடியாது. இப்போது?’ என்பார் கேட்பவர். அழித்த கோப்பின் உள்ளடக்கத்தை பிராக் என்ற கோப்பு முறைமை வழியாகப் பிடித்துக் காலி செய்யலாம் என்று சொல்பவர் அரிது. சொல்லிவிட்டு, ‘இது மறுபடி வராமலிருக்க லாக்ரொட்டேட் அமைப்பை மாற்ற வேண்டும், 80 சதவீதத்திலேயே அலர்ட் வர வேண்டும்’ என்று தானாகச் சேர்த்துச் சொல்பவருக்கு வேலை கிடைத்துவிடும். கேள்வியை லேசாகத் திருப்பியும் போடுவார்கள்: டிஎஃப் இடம் இருக்கிறது என்கிறது, ஆனால் புதிய கோப்பு எழுத முடியவில்லை. இப்போது தீர்ந்துபோனது ஐநோட். லட்சக்கணக்கான குட்டிக் கோப்புகளை எந்த நிரலோ கொட்டியிருக்கிறது.

இதில் எதற்கும் இரண்டாண்டு அனுபவம் தேவையில்லை. பழைய லேப்டாப் ஒன்றில் லினக்ஸ் போட்டு, வேண்டுமென்றே உடைத்து, மறுபடி எழுப்பிப் பார்த்தவருக்கு இவை தெரியும். ஆபரேட்டிங் சிஸ்டமும் கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸும் எல்லா கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களும் பரீட்சை எழுதிய பாடங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் டெவ்ஆப்ஸ் விருப்பப் பாடமாகவே வந்துவிட்டது. பாடத்திட்டத்தில் இருக்கிறது, கையில் இல்லை. ரெக்கார்டு நோட்டில் வெளியீட்டை ஒட்டி மதிப்பெண் வாங்கும் பழக்கம் ஒழியாதவரை இப்படித்தான் இருக்கும்.

நிறுவனங்கள் சொல்லும் காரணத்தையும் கேட்க வேண்டும். புரொடக்‌ஷன் சர்வரின் சாவியைப் புதியவர் கையில் எப்படிக் கொடுப்பது என்கிறார்கள். நியாயமான பயம் போலத் தோன்றும். ஆனால் இந்தத் துறையின் பிரபலமான விபத்துகளைப் பார்த்தால் வேறு விதமாக இருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் இரவு வெகுநேரம் போராடிக்கொண்டிருந்தபோது, துணை சர்வர் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸையே அழித்தார். சுமார் 300 ஜிபியில் நாலரை ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப் முறைகள் ஒவ்வொன்றாகக் கைவிட, தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த நகல் காப்பாற்றியது. அடுத்த மாதமே, பிப்ரவரி 28-இல், அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை சுமார் நான்கு மணி நேரம் படுத்தது. எழுதி வைத்த நடைமுறைப்படி, அனுமதி பெற்ற பணியாளர் ஒருவர் இட்ட கட்டளையில் ஒரு உள்ளீடு தவறிவிட்டது. இரண்டு இடத்திலும் கை வைத்தவர் ஃப்ரெஷர் என்று யாரும் சொல்லவில்லை. அமேசான் பின்னர் செய்தது என்ன? எத்தனை சர்வர்களை எவ்வளவு வேகத்தில் நீக்கலாம் என்று அந்தக் கருவிக்கே கடிவாளம் போட்டது. அனுபவசாலி இருப்பதால் அமைப்பு பாதுகாப்பாகிவிடும் என்று நம்பும் நிறுவனம், எஸ்ஆர்இ என்ற தொழிலின் முதல் பாடத்தையே படிக்கவில்லை.

புதியவரைப் பழக்கும் வழி பல ஆண்டுகளாகத் தெரிந்ததுதான். கூகுளின் அந்தப் புத்தகத்திலேயே ஒரு அத்தியாயம் இதற்கு ஒதுக்கியிருக்கிறார்கள். புதியவர் முதலில் ஆன்கால் இருப்பவரின் நிழலாக இருந்து அதே அலர்ட்டுகளைப் பார்ப்பார். பிறகு அவர் முன்னே, அனுபவசாலி நிழலாக. பழைய விபத்தொன்றை எடுத்து, ‘இப்போது இப்படி நடக்கிறது, என்ன செய்வாய்?’ என்று குழுவாக நடித்துப் பார்ப்பார்கள். இதற்குச் செலவாவது மூத்தவரின் நேரம். ஹைதராபாத்தில் பல நிறுவனங்கள் மிச்சம் பிடிக்க நினைப்பது அந்த நேரத்தைத்தான். பக்கத்து நிறுவனம் பழக்கிவிடட்டும், நாம் இரண்டாண்டு கழித்து அழைத்துக்கொள்ளலாம் என்று எல்லாரும் காத்திருக்கிறார்கள்.

காத்திருக்காத ஒரு உதாரணம் நம் நாட்டிலேயே உண்டு. லிங்க்ட்இன் 2019 தொடக்கத்தில் எஸ்ஆர்இ வேலைக்கு ஆள் எடுக்க இந்தியக் கல்லூரிகளுக்குப் போனது. எங்கு போனாலும் மாணவர்கள் கேட்ட கேள்வி, இந்த வேலை என்ன, இதை எங்கே படிப்பது. சேர்ந்த புதியவர்களைப் பழக்க உள்ளுக்குள் ஒரு பாடத்திட்டம் எழுதினார்கள். அதையே ‘ஸ்கூல் ஆஃப் எஸ்ஆர்இ’ என்ற பெயரில் 2020-இல் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். லினக்ஸ், கிட், நெட்வொர்க், பைத்தான், டேட்டாபேஸ், சிஸ்டம் டிசைன், பாதுகாப்பு என்று அடுக்காகப் போகும். கட்டணம் கிடையாது. அமீர்பேட்டில் சேரும் முன் இதை ஒருமுறை முடித்துவிடுங்கள் என்றே நான் சொல்வேன்.

முன்வாசல் என்றால் இப்படிக் கல்லூரி வளாகத்திலிருந்தே எடுக்கும் சில நிறுவனங்களும், இன்டர்ன்ஷிப்பில் எடுத்துப் பிறகு வேலை கொடுப்பவையும்தான். மற்றவர்கள் போவது பக்கவாசல்: நாக் எனப்படும் நெட்வொர்க் கண்காணிப்பு மையம், வங்கி ஜிசிசி-களின் புரொடக்‌ஷன் சப்போர்ட், கிளவுட் நிறுவனங்களின் சப்போர்ட் அசோசியேட் பதவி. இவற்றில் கடைசி வாசல் சிறந்தது. நாள்தோறும் வேறு வேறு வாடிக்கையாளரின் உடைந்த அமைப்பு கண்ணில் படும்; ஓராண்டில் பார்ப்பது, வேறிடத்தில் ஐந்தாண்டில் பார்க்க முடியாதது. மற்ற இரண்டும் பெரும்பாலும் எல்1, அதாவது முதல் நிலை சப்போர்ட்; அது இரு முனைக் கத்தி. அலர்ட் வந்ததும் ரன்புக் எனப்படும் நடைமுறைக் குறிப்பைத் திறந்து, நான்கு படி செய்து, சரியாகாவிட்டால் அடுத்த நிலையான எல்2-க்குத் தள்ளிவிடுவது வேலை. அப்படியே இருந்தால் இரண்டாண்டில் தள்ளத்தான் தெரிந்திருக்கும். அதே நாற்காலியில் உட்கார்ந்து, திரும்பத் திரும்ப வரும் ஒரு டிக்கெட்டைப் பைத்தானில் நிரலாக மாற்றியவர், ரெஸ்யூமேயில் எழுத ஒரு உண்மையான வரியைச் சம்பாதித்துவிட்டார்.

இந்தப் பக்கவாசலும் குறுகுகிறது. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட் ‘அஷூர் எஸ்ஆர்இ ஏஜென்ட்’ என்ற ஒன்றை அறிவித்தது. அலர்ட்டைப் படித்து, லாக்குகளைத் தேடி, காரணத்தை ஊகித்து, தீர்வைப் பரிந்துரைக்கும் செயற்கை நுண்ணறிவு அது. ரன்புக்கின் நான்கு படியைச் செய்வதற்கு ஆள் வேண்டியதில்லை என்ற நாள் தூரத்தில் இல்லை. எஸ்ஆர்இ வேலை ஒழிந்துவிடும் என்று இதற்குப் பொருளில்லை. ஏஜென்ட் சொன்ன காரணம் தப்பு என்று கண்டுபிடிக்க ஒருவர் வேண்டும். ஆனால் அந்த ஒருவர் கற்றுக்கொண்டது எல்1 நாற்காலியில். அதை எடுத்துவிட்டால் பத்து வருடம் கழித்து மூத்தவர்கள் எங்கிருந்து வருவார்கள் என்ற கேள்விக்கு எந்த ஜிசிசி-யிடமும் திட்டம் இருப்பதாகத் தெரியவில்லை. மூத்தவர் கிடைக்கவில்லை என்று புலம்புபவர்களும் இளையவரை எடுக்க மறுப்பவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்.

சென்னையிலிருந்து ராத்திரி ரயிலேறி நேர்முகத்துக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடைசியில் ‘ஏதாவது கேட்க வேண்டுமா?’ என்பார்கள். பேக்கேஜ் பற்றிக் கேட்பதற்கு முன், ஆன்காலில் என்னைத் தனியாக விடுவதற்கு முன் எத்தனை வாரம் யாருடைய நிழலாக இருப்பேன் என்று கேளுங்கள். போன மாதம் நடந்த ஒரு விபத்தைப் பற்றி எழுதிய அறிக்கையில் ஆளின் பெயர் இருந்ததா, அமைப்பின் குறை இருந்ததா என்று கேளுங்கள். ஷிஃப்ட் மாதம் எத்தனை இரவு, இத்தனை ஆண்டு விலக முடியாது என்ற பாண்ட் உண்டா, நிரல் எழுதும் நேரம் வாரத்தில் எவ்வளவு என்று கேளுங்கள். இதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொல்லும் இடம் 5 லட்சம் கொடுத்தாலும் சேரலாம். மழுப்பும் இடம் 8 லட்சம் தந்தாலும் யோசியுங்கள்.